டவுன் கரம்பையில் பூத்த சூரியகாந்தி

எங்க வயல்ல பூத்த சூரியகாந்தி சூரியனைப் பார்க்காம என் ஓரகத்தியைப் பார்த்துச்சு. அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை, ஊர்ல யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. ஆனா வயித்தெரிச்சல் படுறதுக்கு நிறைய இருந்துச்சு, அதை மொத்தமா நான் ஒருத்தியே பட்டேன்.

என் பேரு பூலம்மா. ஓரகத்தின்னா என் வீட்டுக்காரர் அய்யாக்குட்டியோட அண்ணன் சம்சாரம், பேரு செல்லக்கனி. முகத்துக்கு நேரே அக்கா, வாங்க, சாப்பிட்டீங்களா. மனசுக்குள்ள அவ, இவ, இன்னும் போகலையா. கல்யாணம் ஆன கையோட புருசன்கூட டவுனுக்குப் போயி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல மெஸ் போட்டு, லாரிக்காரனுக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்கும் கோர்ட்டுக்கு வந்தவனுக்கும் வருசக்கணக்கா சோறும் புளிக்குழம்பும் போட்டு, புருசனையும் அங்கேயே பறிகொடுத்து, ரோட்டை அகலப்படுத்துறோம்னு மெஸ்ஸையும் இடிச்ச பிறகு, ரெண்டு அண்டாவும் ஒரு கரண்டியுமா ஊருக்குத் திரும்பி வந்து, எங்க வீட்டுக்கு ஒட்டுச் சுவரா இருந்த அவ பங்கு வீட்டைத் திறந்தா. பாவம்னு ஊரே சொன்னுச்சு. நானும் சொன்னேன்.

சொன்னேனே தவிர எனக்கு அவளை ஆகலை. எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முந்தி டவுன்ல மூட்டை தூக்கினப்போ அந்த மெஸ்ஸுல தின்ன மனுசன். நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து பார்க்கேன், நான் வச்ச குழம்பை முதல் வாய் வச்சதும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு, அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்புறம் குனிஞ்சு சாப்பிடுவாரு. நல்லா இல்லைன்னு ஒருநாளும் சொன்னதில்லை. நல்லா இருக்குன்னும் சொன்னதில்லை. இப்போ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளே வந்து உட்கார்ந்துக்கிட்டா.

கோடையில குளம் வத்துனதும் கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு அடிக்கிறது எங்க ஊரு வழக்கம். மழை அரிச்சுக் கொண்டுபோய்க் குளத்துல படிய வச்ச மண்ணை மறுபடி வயலுக்கே கொண்டாந்து சேர்க்கிற வேலை. அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல் கூடையை அந்த வீட்டுல சோறு போடுற பொம்பளைதான் தலையில சுமந்துபோய் வயலோட ஈசானி மூலையில கையால கொட்டணும். மண்ணுக்கு அது முதல் சோறு, ஊட்டுற கை எதுன்னு மண்ணு தெரிஞ்சுக்கணும்பாங்க. எங்க வயலுக்கு வருசா வருசம் நான்தான் கொட்டுவேன்.

அந்த வருசம் பாதிக் குளத்துல வேலிக்கருவை மண்டிக் கிடந்ததால கரம்பை பத்தலை. அந்நேரம் பார்த்து டவுனுக்கு வெளியே கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற இடத்துல இருந்து ஒரு லாரி வந்துச்சு. தண்ணியைப் பிரிச்ச பிறகு அடியில தங்குற சகதியைக் காய வச்சு, கேட்கிற விவசாயிக்குச் சும்மா குடுக்காங்களாம். வேளாண்மை ஆபீஸர் கூடவே வந்து, கீரை, முள்ளங்கி, பச்சையாத் தின்னுற எதையும் இதுல போடாதீங்க, எண்ணெய்க்கு ஆகுறதாப் பார்த்துப் போடுங்க, கையில உறை மாட்டாம தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. ஊர்ல ஒருத்தரும் கிட்டே வரலை. டீக்கடைக்காரரு பெஞ்சை அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டாரு. டவுன்காரன் பேண்டதை நம்ம வயல்ல போடவான்னு பொம்பளைங்க முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் ஒரு பிடியை அள்ளி மோந்து பார்த்து, மறுபடியும் ஒருதரம் மோந்து, இறக்குங்கன்னாரு. என்னத்தை மோந்தாரோ. குளத்துக் கரம்பையைக் கீழே பரப்பி, இதை மேலே தூவி, ரெண்டையும் சேர்த்து உழுதுரலாம்னாரு. மரியாதைக்கு அதுக்கு டவுன் கரம்பைன்னு பேரு வச்சோம்.

டவுன் கரம்பையோட முதல் கூடை வந்து என் முன்னாடி நின்னப்போ எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. முறையை விடவும் முடியாது, அதைத் தொடவும் முடியாது. திரும்பிப் பார்த்தா அவ வாசல்ல நிக்கா. அக்கா, மூத்தவுக நீங்க இருக்கையில நான் கொட்டலாமா, நீங்களே கொட்டுங்கன்னு தேன் ஒழுகச் சொன்னேன். அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. புருசன் போன பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, உறையும் மாட்டாம, அந்தக் கூடையைத் தலையில வாங்கிட்டுப் போயி, அண்டாச் சோத்தைக் கிளறி விடுற மாதிரிக் கையால கிளறிக் கிளறிக் கொட்டினா. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டது நான்தான், வேற யாரைச் சொல்ல.

சூரியகாந்தி போட்டோம். விதையை ஊற வைக்கையில கொல்லையில சிந்துன ஒண்ணு, என் சமையல்கட்டுத் தண்ணி போற சாக்கடை ஓரத்துல முளைச்சு, சுவருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவுல கோணக்கழுத்தா நின்னுச்சு. வெயில் ஒரு பக்கம் இருக்க, அது அடுப்படிக் கதவைப் பார்த்துக்கிட்டு நிக்கும். பிடுங்கிப் போடணும்னு நினைப்பேன், கை ஒழியாது. வயல்ல முளைச்சதெல்லாம் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, ஆள் உயரத்தையும் தாண்டி, ஒரு காலையில ஒண்ணுபோலப் பூத்துச்சு. நான் தலைக்குக் குளிச்சு, பூ வச்சுக்கிட்டுப் பார்க்கப் போனேன். வயலு பூரா எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு.

சூரியன் கிழக்க இருந்துச்சு, நானும் கிழக்கு வரப்புலதான் நின்னேன், பூவெல்லாம் மேற்க பார்த்துச்சு. மேற்க அவ குழாயடியில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தா. குடத்தைத் தூக்கிக்கிட்டு அவ கோயிலைச் சுத்தித் தெற்க போனா, பூவும் தெற்க திரும்புச்சு. ரேசன் கடைக்குப் போனா ரேசன் கடையைப் பார்த்துச்சு. வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்துனா சாத்துன கதவைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக பசியோட நிக்கிற மாதிரி. உழுதது என் வீட்டுக்காரர், களை எடுத்தது நான், நாத்தத்துக்குப் பயந்து சொந்தக்காரங்க கல்யாணப் பத்திரிகையைத் தெருவுல நின்னே நீட்டிட்டுப் போனப்போ கைநீட்டி வாங்குனதும் நான். பூ மட்டும் அவளுக்காம்.

ஊரு அதை ரெண்டே நாள்ல பழகிக்கிச்சு. மெஸ்ஸுக்காரம்மா எங்கேன்னு கேட்டு வாற தபால்காரரு கதவைத் தட்டுறதை விட்டுட்டு, வரப்புல சைக்கிளை நிறுத்தி, பூவைப் பார்த்து, அந்தத் திக்குல போயி அவளைப் பிடிச்சுருவாரு. மகளிர் குழுக் கூட்டத்துக்கு அவ வந்துட்டாளான்னு வீட்டுல இருந்தே தெரிஞ்சுக்கிட்டு மத்தவளுக மெதுவாக் கிளம்பினாளுக. பூசாரி வந்து வரப்புல ஒரு சிவப்புத் துணியைக் கட்டிட்டு, இது கெட்டதுமில்லை, நல்லதுன்னும் சொல்ல முடியாது, ஒரு தேங்காய் உடைச்சுருங்கன்னாரு. டீக்கடையில ஒரு காலை முழுக்க ஏன் எதுக்குன்னு பேசுனாங்க. கடைசியில, பஸ் கண்டக்டரா இருந்து வேலை ஓஞ்ச பெரியவரு ஒருத்தரு, டவுன்ல பாதிப் பேரு அந்தம்மா கைச்சோறு தின்னவன்தான், தின்னது எங்கே போகும், சுத்தி வந்து இங்கே கிடக்கு, போதாததுக்கு முதல் கூடையையும் அந்தக் கையே கொட்டிருக்கு, சோறு போட்ட கையை மண்ணு மறக்குமான்னு கேட்டாரு. அதானேன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டு வடைக்குக் கை நீட்டிட்டாங்க. வேளாண்மை ஆபீஸர் வந்தாரு. வயலைச் சுத்திப் பார்த்துட்டுக் காத்துதான் காரணம்னாரு. அவ கொண்டாந்த மோரை ஒரு வாய் குடிச்சதும் நிமிர்ந்து, நீங்க பஸ் ஸ்டாண்டு மெஸ் அம்மாதானேன்னு கேட்டாரு. அப்புறம் காத்தைப் பத்திப் பேசலை.

முந்தி முந்தானையை மூக்குல வச்சவளுக எல்லாம் இப்போ எங்க வயலுக்கும் ஒரு லாரி டவுன் கரம்பை வருமான்னு கேட்டு, மெஸ்ஸுக்காரம்மா, முதல் கூடை நீங்கதான் கொட்டணும்னு இப்பவே அவகிட்ட சொல்லி வச்சாளுக. எங்க வீட்டுக்காரர் ஒருநாள் மட்டும், நான் கேட்காமலே, மதினி கைக்குப் பசி தெரியும் பூலுன்னாரு. அன்னைக்கு நான் வச்ச குழம்பைச் சட்டியோட மாட்டுக்குக் கவுத்தேன்.

ஆனா ஒண்ணு, வயித்தெரிச்சலை விட வயித்துப்பாடு பெரிசு. எங்களுக்கு அந்த ஒரு வயல்தான். வெயிலைப் பார்க்காத சூரியகாந்தி விதை பிடிக்காது, வெறும் பதராப் போகும். ஒரு பூவைப் பிடிச்சு விதையை நசுக்கிப் பார்த்தேன், உள்ளே ஒண்ணுமில்லை. அது அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. மறுநாள்ல இருந்து விடியும் முன்னே கிழக்கு வரப்புல போயி நிக்க ஆரம்பிச்சா. வெயில் ஏற ஏற வரப்பு வரப்பா நகர்ந்து, உச்சி வேளைக்கு மோட்டார் ரூம் மேலே ஏறி நிப்பா, பூவெல்லாம் அண்ணாந்து பார்க்கும். சாயங்காலம் மேற்கு வரப்புல நின்னு பொழுதை அடைய வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவா. அந்த வயசுல, அந்த வெயில்ல, தலையில ஒரு துண்டோட. மோட்டார் ரூம் மேலே அவ தலை தெரிஞ்சா சமையலுக்கு அரிசி போடணும்னு ஊர்ப் பொம்பளைங்க நேரம் வச்சுக்கிட்டாளுக. விதை பிடிக்க ஆரம்பிச்சுச்சு. தேனீ வந்துச்சு, கிளி வந்துச்சு. என்ன மனசு அந்த அம்மாவுக்குன்னு என் காதுபடவே பேசினாளுக.

அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. கெட்டவளா இருந்தா நாலு வார்த்தை பேசிட்டுப் போயிரலாம். நல்லவளா இருந்து தொலைக்காளே, அவளை என்ன செய்ய. ஒரு சாயங்காலம் மேற்கு வரப்புக்கே போயிட்டேன்.

"யாரு உங்களை இங்கே நிக்கச் சொன்னது?"

"பூவு பதராப் போயிருமே பூலு."

"என் பூவு பதராப் போனா போகட்டும். அதுக்கு வெயில் காட்ட நீங்க யாரு? நீங்க இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் இது என் வயலும் இல்லை, அது என் வீடும் இல்லை."

அவ ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டா, அழுக்கு ஏதும் ஒட்டியிருக்கான்னு பார்க்கிற மாதிரி. அப்புறம், "டவுனுக்கே போறேன் தாயி. அங்கே எனக்காகத் திரும்பிப் பார்க்க ஒண்ணும் இல்லை"ன்னு சொன்னா. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கரண்டியை மட்டும் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. ஏதோ கல்யாண மண்டபத்துல சமையலாம்.

பஸ் நகர நகர வயலு பூரா அது பின்னாடியே திரும்புச்சு. வளைவுல பஸ் மறைஞ்சதும் அத்தனை கழுத்தும் வடக்க நீண்டு, டவுன் இருக்கிற திக்குலயே நின்னுபோச்சு. நான் கிழக்கு வரப்புல நின்னு கையைத் தட்டிப் பார்த்தேன். குரவை போட்டுப் பார்த்தேன். என் வீட்டுப் புளிக்குழம்பை ஒரு சட்டி கொண்டுபோய் ஊத்திக்கூடப் பார்த்தேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஒண்ணும் திரும்பலை. தேனீ வாரது நின்னுச்சு, பிடிச்ச பாதி விதை பாதியிலேயே நின்னுச்சு. ஊர்ப் பொம்பளைங்க குழாயடியில நான் போனா பேச்சை நிறுத்துனாளுக, நேரம் தெரியாம சோறு குழையுதுன்னு வேற என்னைத் திட்டுனாளுக. எங்க வீட்டுக்காரர் எப்பவும் போல முதல் வாய் வச்சாரு. சுவரைப் பார்க்கலை. இலையைப் பார்த்துக்கிட்டே தின்னு முடிச்சாரு. சுவரைப் பார்த்தாக்கூடத் தேவலையேன்னு எனக்குத் தோணுச்சு.

அவ போயிட்டா, சரி. போனவளோட எல்லாத்தையும் கொண்டு போயிட்டாளே, எனக்குன்னு இந்த உலகத்துல திரும்ப ஒரு கழுத்து இல்லையேன்னு கொல்லையில உட்கார்ந்து பாத்திரம் கழுவுனேன். கழுவிட்டு, சாம்பல் எடுக்க மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனேன். நிமிர்ந்தா, அந்தக் கோணக்கழுத்து என்னைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

முந்தி அது அடுப்படிக் கதவைப் பார்த்துல்லா நிக்கும். நான் துவைக்கிற கல்லுப் பக்கம் போனேன். மாடு திரும்பிப் பார்க்கிற நிதானத்துல அதுவும் திரும்புச்சு. அடுப்படிக்குள்ள போயிக் கதவு இடுக்குல எட்டிப் பார்த்தேன், இடுக்கைப் பார்த்துச்சு. அப்போதான் எனக்கு உறைச்சுச்சு. நான் அரிசி களைஞ்ச தண்ணி, நான் வச்ச குழம்போட சட்டி கழுவுன தண்ணி, என் கைச்சோத்தைத் தின்னு எங்க வீட்டுக்காரர் வாய் கொப்பளிச்ச தண்ணி, அம்புட்டையும் குடிச்சு வளர்ந்த செடி அது. அடுப்படிக் கதவைப் பார்க்கலை, அடுப்படிக்குள்ள இருந்த என்னைப் பார்த்திருக்கு. முளைச்ச நாள்ல இருந்து பார்த்திருக்கு. நான்தான் வாசல் பக்கம் நின்னு வயலையே முறைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு அழுகை வந்துருச்சு. சந்தோசத்துலதான். உடனே போயிக் கொல்லைக் கதவைச் சாத்துனேன், வேற யாரும் பார்த்துரக் கூடாதுல்லா.

அழுது முடிச்சு, ஆசையா அதோட முகத்தைப் பிடிச்சு ஒரு விதையை நசுக்கிப் பார்த்தேன். பதரு. நாள் பூரா அடுப்படி இருட்டையே பார்த்துக்கிட்டு நின்ன பூவுக்கு வெயில் ஏது.

மறுநாள் விடியும் முன்னே துவைக்கிற கல்லுல ஏறி நின்னேன். அது கிழக்க பார்த்துச்சு, முகத்துல வெயில் விழுந்துச்சு. வெயிலோட நானும் நகர்ந்தேன். உச்சிக்கு ஏணியைச் சுவருல சாத்தி மேலே ஏறி நின்னேன், தலை சுத்துச்சு, கீழே பார்த்தா அது அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு, இறங்க மனசு வரலை. சாயங்காலம் கொட்டகை ஓரம் நிக்கையில கால் ரெண்டும் என் காலா இல்லை, முகமெல்லாம் தீய்ஞ்சு போச்சு. ஒத்தைச் செடிக்கு. எனக்குன்னு இருக்கிற என் சொந்தச் செடிக்கு. அக்கா நின்னது ஒரு வயலுக்கு, அதுவும் அடுத்தவ வயலுக்கு.

அன்னைக்குப் பொழுது அடையும் முன்னே எங்க வீட்டுக்காரர்கிட்ட போனை வாங்கி அவுகளைக் கூப்பிட்டேன். எடுத்தாக. பின்னாடி பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு.

"அக்கா, வெயில்ல நிக்கிறது இம்புட்டுக் கஷ்டம்னு நீங்க சொல்லவே இல்லையே."

பாத்திரச் சத்தம் நின்னுச்சு. அப்புறம், "ஏளா, நீ யாருக்குளா நின்னே?"ன்னு கேட்டாக.

அதை நான் சொல்லலை. வாங்கன்னு மட்டும் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் என் தீய்ஞ்ச முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. சுவரை இல்லை, இலையை இல்லை, என்னைத்தான்.

அக்கா வாற பஸ்ஸு கண்ணுக்குத் தெரியுமுன்னே வயலுக்குத் தெரிஞ்சுபோச்சு. வடக்க நீண்டு நின்ன கழுத்தெல்லாம் மெல்ல மெல்லக் குறுகி, ரோட்டோட வளைவுக்கு வளைஞ்சு, பஸ் நிக்கிற புளியமரத்துக்கு வந்து நின்னுச்சு. டீக்கடைக்காரரு அதைப் பார்த்துட்டு டீ போட ஆரம்பிச்சாரு. நான் கொல்லையில இருந்து கிளம்பி நடந்தேன். நடக்க நடக்க என் முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு திரும்பிக்கிட்டே வருதுன்னு எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவே இல்லை. அக்கா ஒரு பையும் ஒரு தூக்குச்சட்டியுமா இறங்குனாக. மண்டபத்துல வச்ச குழம்பாம், எங்களுக்குன்னு கொண்டாந்திருக்காக. காலையில கிழக்கு வரப்புல நீங்க நில்லுங்க, வரப்புக்குச் சோறு நான் கொண்டாரேன்னேன். என் தீய்ஞ்ச கன்னத்தைத் தொட்டுப் பார்த்துட்டுச் சரின்னாக. வயலு பூரா எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அதுல எது அவுகளைப் பார்க்குது, எது என்னைப் பார்க்குதுன்னு நின்ன ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. எங்க கொல்லைச் சுவருக்கு மேலே கோணக்கழுத்தை நீட்டிக்கிட்டு நின்ன ஒண்ணு யாரைப் பார்க்குதுன்னு எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட்டோம். குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அக்கா எழுந்திருச்சு, தூக்குச்சட்டியைக் கழுவிட்டு வாரேன்னு கொல்லைக் கதவுப் பக்கம் போனாக. நான் குறுக்க போயி நின்னு சட்டியைக் கையில இருந்து வாங்கிட்டேன்.

"தெருக்குழாயில நான் கழுவித் தாரேன் அக்கா. வயலு பூராவும் உங்களுக்குத்தான். இந்த ஒண்ணு எனக்கு இருக்கட்டும்."

சொல்லிட்டுக் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.